அப்பாசாமி ஊர் பார்த்தது

தை பிறந்து, பொங்கலும் முடியட்டும், பிறகு வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பாசாமிதான் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. கூட்டிப் பெருக்கி, குத்துவிளக்கைத் துலக்கி, கடன் வாங்கிய நாற்காலியைக் கூடத்தில் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் எதிர்பாராத நாளில் போய் நிற்க வேண்டும். ஆகவே, மார்கழி கடைசியில் தமக்கு லீவு கிடைத்திருப்பதாகவும், சும்மா மலாக்கா ஊரைச் சுற்றிப் பார்க்க மனைவியோடு வருவதாகவும், முதல் நாள் மாலையில் ஆள் மூலம் சொல்லிவிட்டார். மறுத்துப் பதில் சொல்ல அவர்களுக்கு நேரமே கொடுக்கவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருடைய பிழைப்பு அப்படி. தம்பின் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர். கக்கூசுக்குள் ஒளிந்திருப்பவனையும், தூங்குவதுபோல் நடிப்பவனையும் பிடித்துப் பிடித்து, மனிதர்களை டிக்கெட் அட்டையைப்போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மீன்காரனிடம் மீனின் செவுளைப் பார்ப்பார், சரி. கோவிலில் விபூதி கொடுத்தால் அதையும் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஜெயா, மலாக்கா ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குப் போன இடத்தில், தம்பிராஜா என்ற பையனைத் தேடிக்கொண்டாள். நகராட்சியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் வீடு. மலாக்கா செட்டிகள். முன்னோர் எந்தக் காலத்திலோ வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே மண்ணானவர்கள். கோவில் குளம் எதையும் விடவில்லை, பேச்சுத் தமிழை மட்டும் விட்டுவிட்டார்கள். பெண்கள் மலாய்க்காரிகளைப்போல் சாரோங்கும் கெபாயாவும் கட்டுகிறவர்கள். பெயர் தம்பிராஜா, வாயைத் திறந்தால் மலாய். இதில் என்னமோ இருக்கிறது என்று அப்பாசாமி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். என்ன இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஜெயா அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "நீங்க வேணாம்னு சொன்னா நான் மீறிப் போகமாட்டேன்பா. ஆனா அப்புறம் வேற யாரையும் பார்க்கச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பயிற்சி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அவர் 'வேண்டாம்' என்றால் பெண் கன்னியாகவே நின்றுவிடுவாள், அவள் சொன்ன சொல்லை மாற்றாதவள் என்று அவருக்குத் தெரியும். 'சரி' என்றால், எதற்குச் சரி சொன்னோம் என்று தெரிய வேண்டாமா? ஊர் பார்க்கப் போகிற அன்று சாயங்காலமே ஜெயா ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பாள், அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மலாக்கா பஸ் நிலையத்தில் தம்பிராஜாவின் தாய்மாமன் மாணிக்கவாசகம் வந்து காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, பருத்த உடம்பு, எந்நேரமும் சிரிப்பு. பல்வலிக்காரன் வேர்க்கடலை மெல்வதுபோல் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாக ஜாக்கிரதையாகக் கடித்துப் பேசினார். வீட்டுக்குப் போகலாமா என்று அப்பாசாமி கேட்டதும், "கெஜாப், ஐயா. முதல்லே ஊரு" என்றார். கெஜாப் என்றால் ஒரு நொடி. அந்த ஒரு நொடி அன்றைக்குப் பிற்பகல்வரை நீண்டது.

முதலில் கோட்டை என்றார். போனால் ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. கறுத்த கல், வளைவு, மேலே புல். கோட்டை எங்கே என்று அப்பாசாமி கேட்டார். இதுதான், மற்றதை வெள்ளைக்காரன் வெடி வைத்துத் தகர்த்துவிட்டான் என்று மாணிக்கவாசகம் விளக்கினார். அப்பாசாமி வாசலின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கும் ஒன்றுமில்லை. வாசலைக் காட்டி வீட்டை விற்கிற ஆசாமிகள் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

அடுத்து ஒரு திடல். போன வருஷம் இங்கேதான் மெர்டேக்கா தேதியை, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற நாளை, அறிவித்தார்கள் என்று மாணிக்கவாசகம் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். கடலே தெரியாத அளவுக்குக் கூட்டமாம், தாம் அழுதுவிட்டாராம். அப்பாசாமி பார்த்தபோது திடலில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "தேதிதானே சொன்னாங்க? குடுக்கட்டும், பார்ப்போம்" என்றார். பிறகு சிவப்புச் சாயம் அடித்த டச்சுக் கட்டடம். அந்தச் சாயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மனைவி பொன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, நாம பொண்ணுக்கு இடம் பார்க்க வந்தோமா, செவுரு பார்க்க வந்தோமா" என்று முணுமுணுத்தாள். அதே கேள்விதான் அவருக்கும். ஆனால் அவர் அதை வேறு மாதிரி கேட்டுக்கொண்டார். இந்த மனுஷன் ஏன் அடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்? வீடு என்று சொன்னால் ஏன் முகம் மாறுகிறது?

வீட்டில் நோயாளி இருக்கலாம். பைத்தியம் இருக்கலாம். பையனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்து, அதை இன்றைக்கு மட்டும் கிளேபாங் பக்கம் யார் வீட்டுக்காவது அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்பாசாமியின் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டால் அது சம்பளம் கேட்காமல் ஓவர்டைம் பார்க்கும்.

கடைசியாக மலைமேல் ஏற்றிவிட்டார். கூரையில்லாத பழைய தேவாலயம். சுவரில் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் தரையில் ஒரு குழி. பெரிய சாமியார் ஒருவரை இங்கே புதைத்தார்களாம், சில மாதம் கழித்துத் தோண்டி எடுத்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். இருந்தாலும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து இந்தக் குழியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றார் மாணிக்கவாசகம்.

"ஆளில்லாத குழியிலே என்ன பார்க்கிறது?" என்று கேட்டார் அப்பாசாமி. கேட்ட குரல் அவர் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. பொன்னம்மா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

அப்பாசாமிக்குச் சுப்பையன் என்று ஒரு தம்பி. தம்பினிலேயே தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை செய்தவன். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பான்காரன் வந்ததும் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான், பெயர்த்த ஆட்களையும் சேர்த்துத்தான் கொண்டுபோனான். மூன்று மாத வேலை, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம், புது ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றார்கள். சுப்பையன் தலையை வாரிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வண்டி ஏறினான். யுத்தம் முடிந்து நல்லையா என்பவன் ஒருவன்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். சுப்பையன் பேதியில் போய்விட்டான் என்றான். நீ பார்த்தாயா என்று அப்பாசாமி கேட்டார். இல்லை, சொன்னார்கள் என்றான் நல்லையா. யார் சொன்னது, அவன் பார்த்தானா, எந்த முகாம், எந்த மாதம் என்று அந்த நோயாளியைப் போலீஸ்காரனைப்போல் குடைந்தெடுத்துவிட்டு, கடைசியில், பார்த்தவன் இல்லாத சாவை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். அதோடு சரி. அமாவாசை வரும், போகும். அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் இலை போடுவார். சுப்பையனுக்குப் போடமாட்டார், போடவும் விடமாட்டார். அவன் படத்துக்குப் பொட்டுக்கூட வைத்ததில்லை. சும்மா ஊர் பார்க்கலாம் வா என்று எவன் கூப்பிட்டாலும் அவருக்குச் சந்தேகம் வருவது அன்றிலிருந்துதான்.

குழியை விட்டு அவர் விலகி வந்தபோது பொன்னம்மா கால் வலிக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கவாசகம் அவளுக்குக் குடிக்க ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லி இன்னொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். இதுதான் சமயம் என்று தோன்றிவிட்டது அப்பாசாமிக்கு. மனைவியிடம், "இங்கேயே இரு, அவர் வந்தா கூட்டிட்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, மலையின் மறுபக்கமாக இறங்கி, ஒரு திரிஷா சைக்கிள் வண்டியில் ஏறி, காஜா பெராங் என்றார்.

கம்போங் செட்டியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நகராட்சிக் கிராணி தம்பிராஜா என்றதும் ஒரு பெண் கைகாட்டினாள். பலகைச் சுவர் வைத்த பழைய வீடு. நிலையில் மாவிலைத் தோரணம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜீவனில்லை. ஆனால் உள்ளேயிருந்து கோழிக்கறி மணம் தெருவரைக்கும் வந்தது.

அப்பாசாமி வாசலில் நின்று கூப்பிடுகிற ரகமா? பக்கத்துச் சந்தில் நுழைந்து, ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தார். வைத்தவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கூடம் முழுக்கப் பாயை விரித்து, வரிசை வரிசையாகத் தலைவாழை இலை. கோழி, இறால், ஊறுகாய், பலகாரம், பழம். ஓர் இலை பக்கத்தில் பீர் போத்தல். இன்னோர் இலை ஓரத்தில் சுருட்டு. பரிமாறி முடித்தாகிவிட்டது, உட்கார வேண்டியவர்கள்தான் வரவில்லை.

ஆக, இதுதான் விஷயம். வேறொரு பெண் வீட்டாருக்கு விருந்து. குடிக்கிற சம்பந்தி, சுருட்டுப் பிடிக்கிற சம்பந்தி, பெரிய இடமாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் எங்களைக் காலையிலிருந்து ஓட்டைக் கோட்டையையும் காலிக் குழியையும் காட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். என் பெண் இந்தப் பயலை நம்பி இன்னொருத்தனைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியும், ஜெயாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையும் சேர்ந்து அவரைப் பிடித்துத் தள்ளின. முன்கதவுக்கு வந்து கையால் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். அது தாழ் போடாமலே இருந்தது. செருப்புக் காலோடு உள்ளே போய் நின்றார்.

யாருமில்லை. சாம்பிராணிப் புகை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. விளக்கு எரிந்தது. இடுக்கு வழியாகத் தெரியாதது இப்போது தெரிந்தது. இலைகளுக்கு மேலே சுவர் நெடுகப் படங்கள். கோட்டுப் போட்டவர்கள், தலைப்பாகை கட்டியவர்கள், கொண்டையில் ஊசி செருகிய பெண்கள். ஒவ்வோர் இலையும் ஒரு மாதிரி இருந்தது. பீர் இருந்த இலைக்கு மேலே ஒரு மீசைக்காரர் இருந்தார். ஓர் இலையில் எல்லாவற்றையும் குழைத்துப் பிசைந்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் இடித்த வெற்றிலை, பல் போனவருக்குப் போலிருக்கிறது. ஒரு சின்ன இலையில் பாலும் வாழைப்பழமும் மட்டும், அதற்கு மேலே படம் எதுவும் கிடையாது. வரிசையின் தலைமாட்டில் எல்லாவற்றிலும் பெரிதாக ஓர் இலை, அதற்கும் படம் இல்லை. கப்பலில் வந்தவர்களுக்கு யார் படம் எடுத்திருப்பார்கள்?

இன்றைக்குப் போகி என்பது அப்போதுதான் அப்பாசாமிக்கு உறைத்தது. போகிக்கு முன்னோர்களை அழைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டார் யாரும் உள்ளே வரக்கூடாது. அவர் வந்து நிற்கிறார், அதுவும் செருப்போடு. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெரிசலான மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் தவறி ஏறிவிட்ட ஆள்போல், யார் காலிலும் படாமல் சுவரோரமாக ஒதுங்கினார். இத்தனை தலைமுறையும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. பேச்சை விட்டிருக்கிறார்கள், உடையை விட்டிருக்கிறார்கள், ஆனால் ஆளை விடவில்லை. பால் குடிக்கிற வயதில் போன குழந்தையைக்கூட விடவில்லை. காலையிலிருந்து பார்த்ததில் ஒன்றுகூட அவரை அசைக்கவில்லை. இங்கே அவருக்கு உடம்பு சிலிர்த்தது, கண்ணும் கலங்கியது.

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து தம்பிராஜாவும் அவன் தாய் நாகம்மையும் ஓடி வந்து கதவருகில் நின்றார்கள். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கெபாயாவும் சாரோங்குமாக நின்ற அந்த அம்மாள் அப்பாசாமியைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைக் குத்தியது. மாட்டிக்கொண்டவன் யாராக இருந்தாலும் முதலில் எதிர்க்கேள்விதான் கேட்பான் என்று அவருக்குத் தொழிலில் தெரியும், அதையேதான் அவரும் செய்தார். வரிசையைவிட்டுச் சற்றுத் தள்ளி, கதவோரமாகத் தனியாகப் போட்டிருந்த ஓர் இலையைக் காட்டி, இது யாருக்கு என்றார்.

மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் அதில் இருந்தன. அந்த வீட்டுச் சமையலே அல்ல அது.

தம்பிராஜா அம்மாவைப் பார்த்தான். பிறகு மெல்ல, "ஜெயாவோட சின்னப்பாவுக்குங்க" என்றான்.

அடுத்து அப்பாசாமியின் வாயிலிருந்து வந்தது அவருக்கே அந்நியமாக இருந்தது. "என் தம்பியைச் சாவடிக்க நீங்க யாரு? அவன் செத்ததை நீங்க பார்த்தீங்களா?"

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகம்மை அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே மலாயில் பேசினாள். ஜெயாதான் தன்னிடம் சொன்னாளாம், சின்னப்பா செத்த நாள் தெரியாது, வீட்டில் பேச்செடுக்கவும் முடியாது என்று. இந்த வீட்டில் நாள் பார்ப்பதில்லை, எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டுவிடுவார்கள். பெண்ணின் அப்பா சரியாக இன்றைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியதும் மனசு கேட்காமல் சின்னப்பாவுக்கும் ஓர் இலை போட்டாளாம். பிணச்சோறு போடுகிற நாளில் சம்பந்தம் பார்க்க வந்தவரை வீட்டுக்குக் கூட்டிவந்தால் தமிழ் வீட்டார் அபசகுனம் என்பார்கள் என்று பயந்துதான் அண்ணனை அனுப்பி ஊரைக் காட்டச் சொன்னாளாம். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மீதியை மலாயில் சொல்லப் பிடிக்காதவள்போல், இருக்கிற தமிழைத் தேடித் தேடி எடுத்தாள்.

"செத்துப் போனாருன்னு கூப்பிடலே, ஐயா. லாப்பார் இருக்கும். பசி. அதான் கூப்பிட்டேன்."

லாப்பார் என்ற சொல்லை யாரும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது ஒன்றுதான். நல்லையாவை அத்தனை கேள்வி கேட்டவர், சுப்பையன் என்ன சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைக்கவே தைரியம் இல்லாமல் இருந்த கேள்வி அது. அதை ஒரு முன்பின் தெரியாத பொம்பிளை நினைத்து, கிழங்கு வேகவைத்துக் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறாள்.

நாகம்மை மேலும் சொன்னாள். நடுவில் ஆள் வந்துவிட்டதால் மறுபடி சாம்பிராணி போட்டு மறுபடி கூப்பிட வேண்டும். அவருக்கு இஷ்டமில்லையென்றால் அந்த இலையை அவரே எடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இலையை எடுத்தால் சம்பந்தமும் அதோடு போய்விடும் என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. தம்பிராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாசாமி செருப்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து அந்த இலைக்கு முன்னால் குந்தினார். இலையின் ஓரத்தில் கை வைத்தார். அந்த நேரத்துக்கு மாணிக்கவாசகமும் பொன்னம்மாவும் மூச்சு வாங்க வந்து படியேறினார்கள். பொன்னம்மா உள்ளே பார்த்தாள், கருவாட்டுக் குழம்பைப் பார்த்தாள், அவர் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். இலையை மூடிவிடுவார் என்று நினைத்து, "ஏங்க, வேணாங்க" என்றாள்.

அவர் மூடவில்லை. விரல் நுனியால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். படையல் சமையலை யாரும் ருசி பார்ப்பதில்லை, அதனால் உப்பு ஒரு கல் குறைவாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் உப்புக் கொண்டாங்க, சம்பந்தியம்மா" என்றார். "அவனுக்குத் தூக்கலா இருக்கணும். இல்லேன்னா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடுவான்."

நாகம்மை அசையவில்லை. அந்த வார்த்தை தமிழில் வந்ததால் விளங்கவில்லையோ என்று பொன்னம்மா பயந்தாள். விளங்கியிருந்தது. சமையல்கட்டுக்கு ஓடிய வேகத்தில் அவள் சாரோங் தடுக்கியது.

கல்லுப்பை உள்ளங்கையில் நசுக்கிக் குழம்பின்மேல் தூவினார். சாம்பிராணி மறுபடி புகைந்தது. வீட்டார் அவரவர் இலைக்கு முன் நின்று அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் முறை வந்தது. பொன்னம்மா அவர் தோளைத் தொட்டாள்.

"சுப்பையா" என்றார். "வாடா. வந்து சாப்பிடு."

பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.